தனியார் பள்ளியே ஊர்ப் பள்ளியான கதை

அமெரிக்காவில் 'பிரெப் ஸ்கூல்' என்றால் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு பெயர்கள்: மாசசூசெட்ஸில் 1778-இல் தொடங்கிய ஆண்டோவர் பிலிப்ஸ் அகாடமி, நியூ ஹாம்ப்ஷயரில் 1781-இல் தொடங்கிய எக்ஸெட்டர் பிலிப்ஸ் அகாடமி. செங்கல் கட்டடங்கள், பரந்த புல்வெளி, பெரும் அறக்கட்டளை நிதி, அங்கிருந்து ஹார்வர்டுக்கும் யேலுக்கும் போகும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். இவை இரண்டும் அப்படி வளர்ந்த பள்ளிகள்தான். அதே காலகட்டத்தில், கல்லூரிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அதே நோக்கத்தோடு, 'அகாடமி' என்ற அதே பெயரில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து முழுக்கப் பள்ளிகள் முளைத்தன. பெரும்பாலானவை மூடிவிட்டன. மிச்சமிருப்பவற்றில் ஒரு சிறு கூட்டம் வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களின் சின்ன ஊர்களில் விசித்திரமான ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சட்டப்படி அவை தனியார் பள்ளிகள். நடைமுறையில் அந்த ஊருக்கு அவைதான் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க ஊரில் வேறு இடம் கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தை வரிப் பணத்திலிருந்து ஊரே கட்டிவிடுகிறது.

நம் அரசு உதவி பெறும் பள்ளிகளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம் வரும். அந்தப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. இந்த அகாடமிகளுக்கோ பணம் மாணவரோடு வருகிறது. எத்தனை பிள்ளைகள் வருகிறார்களோ அத்தனை பேருக்கான தொகை. பிள்ளைகள் குறைந்தால் பணமும் குறையும். இந்தப் பள்ளிகளின் நல்லது கெட்டது இரண்டுமே இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள செயின்ட் ஜான்ஸ்பரியை எடுத்துக்கொள்வோம். மக்கள் தொகை ஏழாயிரத்துச் சொச்சம். அந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்தது எடை பார்க்கும் இயந்திரம். தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் என்பவர் மேடை போன்ற தராசு ஒன்றைக் கண்டுபிடித்து 1831-இல் காப்புரிமை வாங்கினார். வண்டியைச் சரக்கோடு அதன் மேல் ஏற்றி எடை பார்த்துவிடலாம். சகோதரர்கள் மூவரும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை ஊரை வளர்த்தது. 1842-இல் அவர்களே செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமியையும் தொடங்கினார்கள். ஊரின் நூலகமும் அருங்காட்சியகமும்கூட அந்தக் குடும்பத்தின் கொடைதான். ஒரே குடும்பத்தின் பணம் ஒரு ஊரின் படிப்பையும் பண்பாட்டையும் தாங்கி நின்ற காலம் அது.

அந்தக் காலத்தில் 'கல்லூரிக்குத் தயார் செய்வது' என்றால் என்ன என்பதற்குக் கால்வின் கூலிட்ஜின் கதை நல்ல சாட்சி. பிற்பாடு 1923 முதல் 1929 வரை அமெரிக்க அதிபராக இருந்தவர். வெர்மான்ட்டின் பிளிமத் நாட்ச் என்ற மலைக் கிராமத்தில், கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்து ஊரான லட்லோவில் இருந்த பிளாக் ரிவர் அகாடமியில் படித்து 1890-இல் தேறினார். அந்த இலையுதிர் காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் போனவருக்கு வழியில் உடம்பு சரியில்லாமல் போக, தேர்வை முடிக்க முடியாமல் ஊருக்குத் திரும்பினார். அடுத்த வசந்த காலத்தில் ஒரே ஒரு பருவம் செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமியில் போய்ப் படித்தார். அங்கே தந்த சான்றிதழோடு 1891-இல் தேர்வே எழுதாமல் ஆம்ஹர்ஸ்ட்டில் சேர்ந்துவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சான்றிதழ். அப்போது ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருந்தது. லத்தீன், கிரேக்கம், கணிதம். ஒரு கிராமத்துப் பையனுக்கு கிரேக்கம் சொல்லித்தர ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குத்தான் அகாடமி. நல்ல பெயர் எடுத்த அகாடமி ஒன்று 'இந்தப் பையன் தயார்' என்று எழுதிக் கொடுத்தால் கல்லூரி நம்பியது. ஒரு சின்ன ஊரின் தலைமையாசிரியருடைய கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. கல்லூரிகள் கூடி பொதுவான தேர்வு நடத்த காலேஜ் போர்டு என்ற அமைப்பை 1900-இல் உருவாக்கி, 1901 ஜூனில் முதல் தேர்வை வைத்தன. அப்புறம்தான் தயாரிப்பு என்பது எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள் என்ற பக்கம் மெல்ல நகர்ந்தது.

சரி, தனியார் பள்ளிக்கும் ஊர்ப் பணத்துக்கும் முடிச்சு எப்படி விழுந்தது? முதலிலிருந்தே அந்த முடிச்சு இருந்தது என்பதுதான் பலரும் கவனிக்காத விஷயம். மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1797-இல் ஒரு கொள்கை வகுத்தது. ஓர் அகாடமி போதிய உள்ளூர் நிதியைத் திரட்டிக் காட்டினால், மெய்னின் காட்டு நிலத்தில் அரை டவுன்ஷிப் அதற்கு மானியமாகக் கிடைக்கும். அரை டவுன்ஷிப் என்றால் ஏறக்குறைய 11,500 ஏக்கர். பள்ளி அதை விற்று மூலதனம் ஆக்கிக்கொள்ளலாம். மெய்னில் ஃப்ரைபர்க் அகாடமி 1792-இல் தொடங்கியது. இன்றைக்கும் அந்தப் பகுதியின் உயர்நிலைப் பள்ளி அதுதான். பிற்காலத்தில் பெரும் அரசியல் பேச்சாளராகப் புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டர் 1802-இல் அங்கே ஆசிரியராக இருந்தார். ஆண்டுக்கு 350 டாலர் சம்பளம். ஆக, 'தனியார்' என்ற சொல்லுக்கு அன்று அரசோடு தொடர்பில்லாதது என்ற அர்த்தம் இல்லை. ஊரார் குழு அமைத்து நடத்துவது, அரசு நிலமோ பணமோ கொடுத்துத் தாங்குவது, அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களில் இந்த அகாடமிகள் மங்கின. பாஸ்டனில் 1821-இலேயே அரசு உயர்நிலைப் பள்ளி வந்துவிட்டது. 1874-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் கலமசூ வழக்கில், உயர்நிலைப் பள்ளிக்காக ஊர் வரி வசூலிப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மற்ற மாநிலங்களும் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டன. இலவசப் பள்ளி பக்கத்திலேயே வந்த பிறகு கட்டணப் பள்ளிக்கு யார் போவார்கள்? சில அகாடமிகள் அரசுப் பள்ளியாக மாறின, சில மூடின, சில ஆண்டோவர் வழியில் பணக்காரர்களுக்கான விடுதிப் பள்ளிகளாயின. கூலிட்ஜ் படித்த பிளாக் ரிவர் அகாடமியின் கட்டடம் இன்று ஓர் அருங்காட்சியகம்.

மலைக் கிராமங்களின் கணக்கு வேறு. உயர்நிலை வயதில் அறுபது பிள்ளைகள் இருக்கும் ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். அந்த அறுபது பேருக்காக வேதியியலுக்கு ஒருவர், இயற்பியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு இருவர் என்று ஆசிரியர் போட வேண்டும். ஆய்வகம் கட்ட வேண்டும். அந்த ஊரின் சொத்து வரியில் இது முடியாது. பத்து மைல் தள்ளி ஏற்கனவே ஓர் அகாடமி இருக்கிறது, அங்கே அனுப்பிக் கட்டணத்தைக் கட்டிவிடலாமே என்பது எந்த ஊர்க்காரருக்கும் தோன்றும் யோசனை. வெர்மான்ட் 1869-இலும் மெய்ன் 1873-இலும் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தன. நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அந்த ஏற்பாடு நிற்கிறது. மெய்னில் உள்ள 260 பள்ளி நிர்வாகப் பகுதிகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்குத்தான் சொந்தமாக அரசு உயர்நிலைப் பள்ளி உண்டு என்று 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் பதிவு செய்தது.

சில ஊர்கள் 'எங்கள் பிள்ளைகள் இந்த அகாடமிக்குத்தான் போவார்கள்' என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. சில ஊர்கள் எதையும் குறிப்பிடாமல், பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்குப் பணம் அனுப்புகின்றன. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்பதை மாநிலச் சராசரியை ஒட்டி முடிவு செய்கிறார்கள். வெர்மான்ட்டில் அது இப்போது 20,000 டாலரை ஒட்டிய தொகை. மெய்னில் அதைவிடக் குறைவு.

அந்தத் தொகையில் ஒரு பள்ளி என்னவெல்லாம் தர முடியும் என்று பார்த்தால் வியப்பு வரும். செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமியில் ஏறக்குறைய 900 மாணவர்கள். ஒரே வளாகத்தில் கல்லூரி அளவிலான கணிதப் பாடமும் உண்டு, தச்சு வேலை, வண்டிப் பழுது, சமையல் கலை சொல்லித்தரும் தொழிற்கல்வி மையமும் உண்டு. கல்லூரி போகிறவன் ஒரு பள்ளி, கைத்தொழில் படிக்கிறவன் இன்னொரு பள்ளி என்று பிரிக்கவில்லை. எனக்கு இந்த வகைப் பள்ளிகளிடம் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஆண்டோவர் வகைப் பள்ளி தனக்கு வேண்டிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும். ஊர் அகாடமியோ ஊரில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் நடத்த வேண்டும். அதனாலேயே அது கற்பிக்கும் பரப்பு விரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் டெர்ரி ஊரில் 1814-இல் தொடங்கிய பிங்கர்டன் அகாடமியும் இதே இனம்தான். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் அங்கே படித்தவர். உள்ளூர்ப் பையன், உள்ளூர்ப் பள்ளி.

ஆனால் அவ்வளவு பரப்பை ஊர்க் கட்டணம் மட்டும் வைத்துத் தாங்க முடியாது. அங்கேதான் விடுதி வருகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் கட்டுவது ஊர் கட்டும் தொகையைப் போலப் பல மடங்கு. நியூ இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளில் ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுவது இப்போது சாதாரணம். சியோலிலிருந்தோ ஷாங்காயிலிருந்தோ வரும் ஒரு மாணவியின் பணத்தில்தான் பால் பண்ணைக்காரர் மகன் படிக்கும் கலை வகுப்புக்கு ஆசிரியர் கிடைக்கிறார். நவம்பரில் தேங்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதி மூடும்போது, தூர தேசத்துப் பிள்ளைகளை உள்ளூர் வகுப்புத் தோழர்களின் வீடுகள் ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆயிரம் பேர்கூட இல்லாத மெய்னின் லீ என்ற ஊரில், 1845-இல் தொடங்கிய லீ அகாடமி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைக்கு வேறு எப்படி ஒரு சீனத் தோழி கிடைப்பாள்?

வெளிநாட்டு மாணவர்களை அரசுப் பள்ளி ஏன் இப்படிச் சேர்க்க முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் விசா சட்டத்தில் இருக்கிறது. 1996-இல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் படிக்கக் கூடாது. அதற்கும் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்தக் கால வரம்பு இல்லை; நான்கு ஆண்டும் படித்துப் பட்டயம் வாங்கலாம். மெய்னில் காகித ஆலையால் வளர்ந்த நகரமான மில்லினாக்கெட் 2010-ஐ ஒட்டி, ஆள் குறைந்துபோன தன் அரசுப் பள்ளிக்குச் சீன மாணவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தது. அந்த ஒரு வருட வரம்பு ஒரு பெரிய முட்டுக்கட்டை. பக்கத்து அகாடமிகளுக்கு அது இல்லை. 'தனியார்' என்ற சட்டத் தகுதி இப்படி ஒரு இடத்தில் ஊருக்கே வருமானமாக மாறியது. செயின்ட் ஜான்ஸ்பரி இன்னும் ஒரு படி போய், 2017-இல் தென் கொரியாவின் ஜேஜு தீவில் தன் பெயரில் ஒரு பள்ளியே திறந்தது.

இதன் பலவீனமும் கண்முன்னே இருக்கிறது. ஒரு தூதரகம் விசாவை இறுக்கினால், 2020-இல் நடந்தது போல விமானங்கள் நின்றால், மெய்ன் மலைக்குள் இருக்கும் ஒரு பள்ளியின் லத்தீன் ஆசிரியர் வேலை ஆட்டம் காணும். எந்த ஊர்க் கூட்டத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

எல்லா அகாடமியும் இந்தப் பாதையில் நிற்கவில்லை. மெய்ன் 1957-இல் சின்ன ஊர்ப் பள்ளிகளை இணைத்துப் பெரிய மாவட்டங்களாக்கும் சின்க்ளேர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெத்தல் ஊரில் 1836 முதல் இருந்த கோல்ட் அகாடமிதான் அதுவரை அந்த வட்டாரத்துக்கு உயர்நிலைப் பள்ளி. 1960-களின் இறுதியில் டெல்ஸ்டார் என்ற அரசுப் பள்ளி அங்கே வந்தது. கோல்ட் முழுக்கத் தனியார் பிரெப் பள்ளியாகிவிட்டது. இன்று பெத்தலில் இரண்டு பள்ளிகள், இரண்டு உலகங்கள்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். வெர்மான்ட்டில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்ட நாள். ஊரார் மண்டபத்தில் கூடி, பனி உருகச் சாலைக்கு உப்புத் தூவும் செலவிலிருந்து தீயணைப்பு வண்டி வரை ஒவ்வொன்றாகக் கேட்டு வாக்களிக்கும் பழைய வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் அதன் செலவையும் கேட்கலாம், பள்ளிக் குழு உறுப்பினரைத் தேர்தலில் மாற்றலாம். அகாடமியோ ஊர்க் கணக்கில் கட்டணம் என்ற ஒற்றைப் பதிவாக வருகிறது. அந்தப் பதிவுக்கு உள்ளே போக ஊருக்கு வழியில்லை. அகாடமியை நடத்துவது அறங்காவலர் குழு. பெரும்பாலும் அந்தக் குழுவே தன் அடுத்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நல்லவர்கள் இருக்கலாம், இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுகிற மனிதருக்குக் கேள்வி கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லாமல் நல்ல மனதை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் குறை முதலில் தாக்குவது சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத்தான். ஊரில் ஒரே பள்ளி. அதுவும் தனியார் பள்ளி. 'உங்கள் பிள்ளைக்கு எங்களிடம் வசதி இல்லை' என்று அது சொன்னால் அந்தத் தாய் எங்கே போவார்? வெர்மான்ட் 2018-இல் ஒரு சட்டம் போட்டு, அதன் விதிகளை 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொதுப் பணம் வாங்கும் தனியார் பள்ளி, சிறப்புக் கல்வி தேவைப்படுகிறது என்பதற்காகவே ஒரு மாணவரை மறுக்க முடியாது. நூற்றைம்பது ஆண்டு கழித்தாவது வந்தது. மெய்னில் வேறு ஒரு அளவுகோல் உண்டு. ஒரு தனியார் பள்ளியின் மாணவர்களில் 60 சதவீதமோ அதற்கு மேலோ பொதுப் பணத்தில் படித்தால், மாநிலத் தேர்வு உட்படக் கூடுதல் விதிகளுக்கு அது கட்டுப்பட வேண்டும்.

வரிப் பணம் மாணவரோடு போகும் என்ற கதவு திறந்திருந்தால் அதில் வேறு ஆட்களும் நுழைவார்கள். வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் 1997-இல் பிரிகம் வழக்கில், பணக்கார ஊருக்கும் ஏழை ஊருக்கும் கல்விச் செலவில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு கூடாது என்றது. அதே ஆண்டு வந்த 60-ஆம் எண் சட்டம் சொத்து வரியை மாநில அளவில் பகிரச் செய்தது. பனிச்சறுக்கு விடுதிகளால் செழித்த வின்ஹால் ஊர் என்ன செய்தது? 1998-இல் தன் அரசுப் பள்ளியை மூடிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு தனியார் பள்ளியைத் தொடங்கியது. ஏழை ஊர் வேறு வழியில்லாமல் அகாடமிக்குப் பிள்ளை அனுப்பியதையும், வசதியான ஊர் இருந்த அரசுப் பள்ளியைக் கைவிட்டதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

மெய்னில் வேறு கேள்வி எழுந்தது. அந்த மாநிலம் மதம் போதிக்கும் பள்ளிகளுக்கு இந்தக் கட்டணத்தைக் கொடுக்காமல் இருந்தது. 2022 ஜூன் 21 அன்று கார்சன் எதிர் மேக்கின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தடை செல்லாது என்றது. தனியார் பள்ளிக்குப் பணம் தருவது என்று மாநிலம் முடிவு செய்துவிட்டால், மதப் பள்ளி என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதியது. ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாத குறையைத் தீர்க்க 1873-இல் செய்த ஓர் ஏற்பாடு, நாட்டின் மதச்சார்பின்மை விவாதத்தின் நடுவில் வந்து நின்றது.

இப்போது இன்னொரு நெருக்கடி. வெர்மான்ட்டின் மாணவர் எண்ணிக்கை 1990-களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது; இன்று எண்பதாயிரத்துச் சொச்சம். வரியோ ஏறிக்கொண்டே போகிறது. 2025-இல் வெர்மான்ட் கொண்டுவந்த 73-ஆம் எண் சட்டம் பள்ளி மாவட்டங்களைச் சில பெரிய மாவட்டங்களாக இணைக்கும் நோக்கத்தோடு, எந்தத் தனியார் பள்ளிகளுக்கு ஊர்க் கட்டணம் போகலாம் என்பதையும் சுருக்கியது. அங்கே படிக்கும் வெர்மான்ட் பிள்ளைகளில் குறைந்தது கால் பங்குப் பேராவது ஏற்கனவே பொதுப் பணத்தில் படிக்கும் பள்ளியாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஊருக்கு உழைத்த பழைய அகாடமிகளை வைத்துக்கொண்டு, வாய்ப்பைப் பார்த்து வந்தவர்களை விலக்கும் கோடு இது. கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

விடை இல்லாமல் நிற்பது மாவட்ட இணைப்புதான். உயர்நிலைப் பள்ளி இல்லாத ஓர் ஊர், அது உள்ள ஊரோடு ஒரே மாவட்டமாக இணைந்தால், அந்த ஊர்ப் பிள்ளை யாருடைய பிள்ளை? புதிய மாவட்டத்தின் அரசுப் பள்ளிக்குப் போகச் சொன்னால், இருநூறு பேரை நம்பி ஆசிரியர் வைத்திருக்கும் அகாடமிக்கு அந்த ஆண்டே கணக்கு உதைக்கும். அகாடமிக்கே போகட்டும் என்றால், பக்கத்து ஊர்க்காரர் 'எங்களுக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை' என்று கேட்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பொதுப் பணத்தில் பெரும்பங்கு வாங்கும் அகாடமி, தன் அறங்காவலர் குழுவில் பணம் அனுப்பும் ஊர்களுக்கு வாக்குரிமையோடு இடம் ஒதுக்கட்டும். அந்த உறுப்பினரை மார்ச் மாத ஊர்க் கூட்டத்திலேயே தேர்ந்தெடுக்கலாம்.